மானிக்தலா தோட்ட வீட்டில் ஒரு விவாத சபை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு சின்ன ஹால் இருக்கிறது. பிறந்தநாள் விழா, அசோசியேஷன் மீட்டிங், நவராத்திரி கொலு எல்லாம் அங்கேதான். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அங்கே உட்கார்ந்து ஏதாவது ஒரு தலைப்பில் பேசலாம் என்று நாலைந்து பேர் ஆரம்பித்தோம். மூன்றாவது மாதம் ஒரு பிளஸ் டூ பையன் எழுந்து, "சாமி கும்பிடறவங்கதான் ஒழுக்கமா இருப்பாங்கன்னு எப்படி அங்கிள் சொல்றீங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. முக்கால் மணி நேரம் யாரும் யாரையும் திட்டாமல் பேசினோம். எனக்கு அன்று ரொம்ப சந்தோஷம்.

மறுநாள் காலையில் அது வாட்ஸாப்பில் வேறு கதையாகி விட்டது. பிள்ளைகளுக்கு நாத்திகம் சொல்லிக் கொடுக்கிறார்களாம். அந்த வார இறுதியில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்: ஹாலில் மதம், அரசியல் பேசக்கூடாது.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு லிஃப்ட்டுக்கு நின்றபோது, இதே இரண்டு விஷயங்களைச் சேர்த்து இதே மாதிரி ஒரு தடை உத்தரவை எங்கேயோ படித்திருக்கிறேனே என்று தோன்றியது. கல்கத்தா. இந்து காலேஜ். கிட்டத்தட்ட 200 வருஷம் முன்னால். பழைய குறிப்புகளைத் தேடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

1817 ஜனவரி 20ஆம் தேதி ஆரம்பித்த பள்ளி அது. பின்னாளில் பிரசிடென்ஸி காலேஜ் என்று பெயர் மாறியது. ஆரம்பித்தது கம்பெனி சர்க்கார் இல்லை, பாதிரிமார்களும் இல்லை. கல்கத்தாவின் பணக்கார இந்துக் குடும்பங்கள் தங்கள் கைக்காசு போட்டு, தங்கள் பிள்ளைகள் இங்கிலீஷும் மேற்கத்திய சாஸ்திரங்களும் படிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் டேவிட் ஹேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கடிகாரம் ரிப்பேர் செய்ய இந்தியா வந்து, பிறகு தொழிலையே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சுற்றியவர்.

1826ல் இந்தப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வேலைக்கு வருகிறார். ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. வயது 17. ஆமாம், பதினேழுதான். போர்ச்சுகீசிய வழிவந்த அப்பா, இங்கிலாந்துக்கார அம்மா. இன்றைய வார்த்தையில் ஆங்கிலோ இந்தியர். கல்கத்தாவில் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய பள்ளியில் படித்து, 14 வயதில் கிளார்க்காகி, பிறகு பாகல்பூரில் மாமாவின் அவுரித் தோட்டத்தில் இருந்து கவிதை எழுதியவர். 1827ல் முதல் கவிதைத் தொகுப்பு, அடுத்த வருஷம் 'தி ஃபகீர் ஆஃப் ஜங்கீரா'. இந்தியாவைத் தன் தாய்நாடு என்று அழைத்து இங்கிலீஷில் கவிதை எழுதிய முதல் தலைமுறை ஆள்.

மாணவர்களுக்கும் அவருக்கும் சில வயதுதான் வித்தியாசம். வகுப்பு முடிந்தும் பேச்சு முடியவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டார். அங்கேயும் இடம் போதவில்லை. 1828ல் 'அகாடமிக் அசோசியேஷன்' என்று ஒரு சபையாகவே ஆனது. மானிக்தலாவில் ஸ்ரீகிருஷ்ண சிங் என்பவரின் தோட்ட வீட்டில் கூட்டம் நடந்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

அங்கே என்ன பேசினார்கள்? மனிதனுக்குச் சுயேச்சை உண்டா, எல்லாம் விதியா. நம்பிக்கை என்றால் என்ன. உண்மை பேசுவது ஏன் உயர்ந்தது. நற்குணம், தேசபக்தி. கடவுள் உண்டு என்பதற்கு என்ன வாதம், இல்லை என்பதற்கு என்ன வாதம். விக்கிரக ஆராதனையும் புரோகிதமும் சரியா. டெரோசியோ தலைமை வகிப்பார், பையன்கள் பேசுவார்கள். டேவிட் ஹேர் தவறாமல் வந்து உட்காருவார். பெரிய வெள்ளைக்கார அதிகாரிகள் சிலரும் எட்டிப்பார்த்தார்கள்.

இது ஏதோ காலியான ஊரில் நடந்த விஷயம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அதே 1828ல்தான் ராம்மோகன் ராய் பிரம்ம சபையை ஆரம்பிக்கிறார். 1829 டிசம்பர் 4ஆம் தேதி பெண்டிங்க் சதியைத் தடை செய்கிறார். அதை எதிர்த்து 1830 ஜனவரியில் தர்ம சபை உருவாகிறது. 1830 மே மாதம் அலெக்ஸாண்டர் டஃப் என்ற இளம் பாதிரியார் ஸ்காட்லாந்திலிருந்து வந்து இறங்குகிறார். ஒரே ஊரில், மூன்று வருஷத்துக்குள், இத்தனை. தெருவுக்குத் தெரு விவாதம். அந்த நேரத்து கல்கத்தா பத்திரிகைகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

டஃபின் ஏற்பாட்டில் கிறிஸ்தவம் பற்றிய சொற்பொழிவு வரிசை ஒன்று காலேஜுக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்தபோது பெற்றோர்கள் பதறிப் போனார்கள். மதம் மாற்றி விடுவார்களோ என்ற பயம். அந்த பயத்தை இன்று நாம் கேலி செய்வது சுலபம். பெற்ற பிள்ளை கையை விட்டுப் போவான், சாதி சனம் ஒதுக்கிவைக்கும், கொள்ளி வைக்க ஆள் இருக்காது. அவர்களுக்கு இது தத்துவப் பிரச்சினை இல்லை, வீட்டுப் பிரச்சினை. காலேஜ் நிர்வாகம் உத்தரவு போட்டது: அரசியல், மத விவாதங்கள் நடக்கும் சபைகளுக்கு மாணவர்கள் போவதை நிர்வாகம் கடுமையாகக் கண்டிக்கிறது. எங்கள் நோட்டீஸ் போர்டைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது இதுதான்.

பையன்களும் சும்மா இருக்கவில்லை. காளிகாட் கோயிலுக்கு அப்பா அழைத்துப் போக, மகன் காளியைப் பார்த்து 'குட் மார்னிங், மேடம்' என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. பூஜையில் மந்திரம் சொல்ல உட்காரவைத்தால் ஹோமரின் இலியட் வரிகளை ஒப்பித்ததாக இன்னொரு கதை. ரசிக் கிருஷ்ண மல்லிக் என்ற மாணவர் கோர்ட்டில் கங்கை ஜலத்தின் மேல் சத்தியம் செய்ய மறுத்து, கங்கையின் புனிதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றாராம். இந்த மூன்றில் முதல் இரண்டு எனக்கு விடலைத்தனமாகவும், மூன்றாவது வேறு ரகமாகவும் படுகிறது. நம்பாத ஒன்றின் மேல் சத்தியம் செய்து சாட்சி சொன்னால் அது என்ன சாட்சி? ஆனால் ஊர் மூன்றையும் ஒன்றாகத்தான் பார்த்தது.

இதே காலத்தில் இன்னொரு பேச்சும் ஊரில் இருந்தது. இந்து காலேஜ் பையன் பொய் சொல்ல மாட்டான் என்று. நம்பிக்கையை விட்டவர்கள் என்று திட்டு வாங்கிய அதே பையன்களைப் பற்றி, அதே ஊரில், அதே வருஷங்களில். அந்த பிளஸ் டூ பையன் கேட்ட கேள்விக்கு கல்கத்தா ஒரே வாயால் இரண்டு பதில் சொல்லியிருக்கிறது.

சரி, 1831 ஏப்ரல் 23. நிர்வாகக் குழுவின் சிறப்புக் கூட்டம். டெரோசியோவை வெளியே அனுப்ப வேண்டும் என்பது கோரிக்கை. இந்தக் கூட்டம் நடந்த விதம்தான் இந்தக் கதையிலேயே என்னை அதிகம் உறுத்துவது.

குழு தன் முன் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டது. முதலாவது: டெரோசியோ இளைஞர்களுக்குக் கல்வி கற்பிக்கத் தகுதியற்றவர் என்று நம்ப ஆதாரம் இருக்கிறதா? இதற்கு ஆமாம் என்று சொன்னவர்கள் குறைவு. ராதாகாந்த தேவ், ராம்கமல் சென் போன்றவர்கள் சொன்னார்கள். ஹேர், டெரோசியோ மிகத் திறமையான ஆசிரியர் என்றார். காலேஜின் மேற்பார்வையாளரான சமஸ்கிருத அறிஞர் வில்சன், எந்தக் கெடுதலும் தன் கண்ணில் படவில்லை என்றார். பிரசன்ன குமார் தாகூர் உட்பட வேறு சிலர், நிரூபணம் இல்லை என்றார்கள். ஆக, முதல் கேள்வியில் டெரோசியோ தப்பித்துவிட்டார்.

இரண்டாவது கேள்வி: கல்கத்தா இந்துக்களின் இப்போதைய மனநிலையைப் பார்க்கும்போது அவரை நீக்குவது உசிதமா? இது இந்துக்களின் உணர்வு பற்றிய விஷயம், நாங்கள் சொல்வது முறையாகாது என்று ஹேரும் வில்சனும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களில், ஒரு நிமிஷம் முன்னால் நிரூபணம் இல்லை என்று சொன்னவர்களும் சேர்ந்து, நீக்கலாம் என்றார்கள். அவசியமில்லை என்று சொன்னவர் ஒரே ஒருவர். ஸ்ரீகிருஷ்ண சிங். மானிக்தலா தோட்ட வீட்டுக்காரர். என்ன நடந்தது என்று நேரில் பார்க்க அதிக வாய்ப்பு இருந்தவர்.

சாஃப்ட்வேர் வேலையில் நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தப்பு உன்னுடையது இல்லைப்பா, ஆனா கஸ்டமர் கோபமா இருக்கார், நீ கொஞ்ச நாள் வேற புராஜெக்ட் பாரு. அதே கதைதான். ஹேர், வில்சன் விஷயத்தில் எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. அடுத்தவர் மத உணர்வில் தலையிடாதது கண்ணியம்தான். ஆனால் அந்தக் கண்ணியத்தால் ஒரு 22 வயது ஆளின் வேலை போனது.

டெரோசியோவை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஏப்ரல் 25ஆம் தேதி ராஜினாமா கடிதம் கொடுத்தார். என்னை விசாரிக்காமல், என் தரப்பைக் கேட்காமல் முடிவெடுத்தீர்கள் என்று அதில் பதிவு செய்திருக்கிறார். வில்சன் தனிப்பட்ட முறையில் மூன்று கேள்விகள் அனுப்பினார். கடவுள் இருப்பதை நம்புகிறீர்களா? பெற்றோருக்கு மரியாதையும் கீழ்ப்படிதலும் கடமை இல்லை என்று நினைக்கிறீர்களா? அண்ணன் தங்கை கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறீர்களா?

மூன்றாவதைப் படித்தால் சிரிப்பு வரும். ஊரில் அப்படியும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். டெரோசியோவின் பதிலில் வதந்தியின் மூலத்தையும் அவர் தேடிப் பிடித்தது தெரிகிறது. பிருந்தாவன் கோஷால் என்ற ஓர் ஏழைப் பிராமணர். வீடு வீடாகப் போய் ஊர்ச் செய்தி சொல்லிப் பிழைப்பு நடத்துபவர். டெரோசியோ தன் தங்கையைத் தன் மாணவர் தக்ஷிணாரஞ்சன் முகர்ஜிக்குக் கட்டிவைக்கப் போகிறார் என்றும் ஒரு செய்தி சுற்றியது. அன்றைக்கு ஃபார்வர்டு செய்ய ஆள் நடந்து போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடவுள் பற்றிய பதில் முக்கியமானது. கடவுள் இல்லை என்று யார் காதிலும் நான் சொன்னதில்லை, ஆனால் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்றால் நான் குற்றவாளிதான் என்கிறார். சந்தேகவாதியான ஹியூமின் வாதங்களை மாணவர்களுக்குச் சொன்னேன், அவருக்கு ரீடும் டூகால்ட் ஸ்டூவர்ட்டும் கொடுத்த மறுப்பையும் சேர்த்தே சொன்னேன். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி வளர்த்தால் அவர்கள் மூர்க்கர்களாகத்தான் வருவார்கள் என்பது அவர் கட்சி. பெற்றோர் விஷயத்திலும் உதாரணத்தோடு பதில் சொல்கிறார். வீட்டில் இருக்க முடியவில்லை, வெளியே போகிறேன் என்று தக்ஷிணாரஞ்சன் வந்து நின்றபோது, போகாதே, பொறுத்துக்கொள் என்று புத்தி சொன்னது தான்தான் என்கிறார். அவன் கொஞ்ச நாள்தான் கேட்டான். அது வேறு விஷயம்.

காலேஜிலிருந்து வெளியே வந்து 'தி ஈஸ்ட் இண்டியன்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதே வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி காலராவில் இறந்துபோனார். 23 வயது முடியவில்லை. சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில் இருக்கிறார்.

இந்தக் கதையை நல்ல ஆசிரியர், கெட்ட ஊர் என்று சொல்லி முடித்துவிடலாம். நானும் முதல் தடவை படித்தபோது அப்படித்தான் நினைத்தேன். ராதாகாந்த தேவைப் பற்றிப் படித்ததும் அது கலைந்துபோனது. சதித் தடையை எதிர்த்த தர்ம சபையின் தலைவர்களில் ஒருவர், டெரோசியோ நீக்கத்துக்கு முன்னால் நின்றவர். அதே மனிதர்தான் பெண் கல்வியை ஆதரித்தவர், 'சப்தகல்பத்ருமம்' என்ற பிரம்மாண்டமான சமஸ்கிருத அகராதியைப் பல பத்தாண்டுகள் உழைத்துத் தொகுத்தவர். இவரை எந்தப் பெட்டியில் போடுவது? மானிக்தலாவில் இவர் போன்ற ஒருவர் எதிர்வரிசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த விவாதம் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன். அங்கே கடவுள் உண்டு என்ற வாதத்தை ஹியூமுக்கு எதிராக ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள் சொன்னார்கள். பக்கத்துத் தெரு பண்டிதர் சொல்லவில்லை.

இன்னும் பெரிய ஓட்டை மொழி. எல்லாம் இங்கிலீஷ். காலேஜிலேயே இந்துப் பெரிய குடும்பத்துப் பையன்களுக்குத்தான் இடம். முஸ்லிம்கள் இல்லை, பெண்கள் இல்லை. வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் மகன் என்ன பேசுகிறான் என்பது பிருந்தாவன் கோஷால் வழியாகத்தான் தெரியும்! வதந்தி ஜெயித்ததில் ஆச்சரியம் என்ன?

1831 ஆகஸ்ட் 23ஆம் தேதி நடந்ததும் இதோடு சேர்ந்ததுதான். கிருஷ்ண மோகன் பானர்ஜி என்ற மாணவர் வீட்டில் இல்லாத நேரத்தில், அவர் நண்பர்கள் அங்கே மாட்டிறைச்சி தின்றுவிட்டு எலும்பைப் பக்கத்து வீட்டு முற்றத்தில் எறிந்தார்கள். ஆத்திரப்பட்டுத் திரண்ட அக்கம்பக்கம், கிருஷ்ண மோகனைக் குடும்பமே வெளியே அனுப்பும்படி செய்தது. விவாதம் செய்யத் தெரிந்தவர்கள்தான் அந்த நண்பர்கள். எலும்பை எறிந்ததில் என்ன வாதம் இருக்கிறது? அதற்கு விலை கொடுத்தவரோ அந்த இடத்திலேயே இல்லாதவர். அடுத்த வருஷம் அக்டோபரில் அவர் டஃபிடம் ஞானஸ்நானம் பெற்றார். பெற்றோர்கள் எதை நினைத்துப் பயந்தார்களோ, அது அவர்கள் வெளியே தள்ளிய பையனுக்கு நடந்தது.

இந்தப் பையன்களை 'இளம் வங்காளம்' என்று வரலாறு அழைக்கிறது. குடியும் கூத்துமாகப் போன கூட்டம் என்று ஒரு கெட்ட பெயரும் உண்டு. அவர்கள் முப்பது நாற்பது வயதில் என்ன ஆனார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

1838ல் பழைய மாணவர்கள் சேர்ந்து பொது அறிவு ஈட்டும் சபை ஒன்று ஆரம்பித்தார்கள். தலைவர் தாராசந்த் சக்ரவர்த்தி. இந்து காலேஜ் ஹாலிலேயே கூட்டம். 1843 பிப்ரவரி 8ஆம் தேதி தக்ஷிணாரஞ்சன் (அதே ஆள்தான்) கம்பெனியின் கிரிமினல் கோர்ட்டுகள், போலீஸ் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கிறார். பாதியில் காலேஜ் முதல்வர் கேப்டன் ரிச்சர்ட்சன் எழுந்து, இந்த ஹாலை ராஜத்துரோகிகளின் குகை ஆக்க அனுமதிக்க மாட்டேன் என்று கத்துகிறார். தாராசந்த் குரலை உயர்த்தவில்லை. நீங்கள் இங்கே விருந்தாளி, எங்கள் உறுப்பினர் பேசும்போது குறுக்கிட உங்களுக்கு உரிமை இல்லை, சொன்னதைத் திரும்பப் பெறாவிட்டால் காலேஜ் கமிட்டிக்கு எழுதுவோம், தேவைப்பட்டால் அரசாங்கத்துக்கும் எழுதுவோம் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறார். ஆளும் வர்க்கத்து வெள்ளைக்கார முதல்வரிடம், 1843ல். கூட்டம் நடத்தும் விதியை வைத்து. அதற்குப் பிறகு சபை அந்த ஹாலை விட்டு வெளியேறியது.

அதே 1843ல் டேராடூனில் ராதாநாத் சிக்தர். டெரோசியோவின் மாணவர், கணக்குப் புலி. நம் பரங்கிமலைப் பக்கம் 1802ல் அளக்க ஆரம்பித்தார்களே, அதே நில அளவைத் துறையில் கணிப்பாளர். சர்வே கூலிகளை ஒரு மாஜிஸ்திரேட் தன் சொந்த மூட்டை தூக்கச் சொன்னதைத் தட்டிக்கேட்டு, 200 ரூபாய் அபராதம் கட்டினார். பதினைந்தாம் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்ற கணக்கோடு 1852ல் இவர் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது. எவரெஸ்ட் என்ற பெயர் அதற்கு அப்புறம் வந்தது.

ராம்தனு லாஹிரி 1851ல் பூணூலைக் கழற்றினார். எலும்பு எறியவில்லை, கூட்டம் கூட்டவில்லை. அதற்காக ஊர் ஒதுக்கிவைத்ததைத் தாங்கிக்கொண்டு வாத்தியார் வேலையைப் பார்த்தார். 1904ல் சிவநாத சாஸ்திரி அவர் வாழ்க்கையை எழுதியபோது, ஒரு காலத்தின் சரித்திரமாகவே அது விரிந்தது.

எனக்குப் பிடித்தது 1854. ராதாநாத்தும் இன்னொரு டெரோசியோ சீடரான பியாரி சந்த் மித்ராவும் சேர்ந்து 'மாசிக் பத்ரிகா' என்று ஒரு மாத இதழ் ஆரம்பித்தார்கள். வீட்டுப் பெண்கள் படித்தால் புரிய வேண்டும், பண்டித நடை கூடாது என்பது கொள்கை. பேச்சு வழக்கு வங்காளம். பியாரி சந்தின் நாவல் 'ஆலாலேர் கரேர் துலால்' அதில்தான் தொடராக வந்தது. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளையின் கதை. குணம், ஒழுக்கம், வளர்ப்பு என்று மானிக்தலாவில் இங்கிலீஷில் பேசியதை, 26 வருஷம் கழித்து அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் புரிகிற மொழியில் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

எங்கள் ஹால் விஷயம்? அசோசியேஷன் செயலாளரிடம் பேசினேன். அவர் நல்ல மனிதர், பிரதோஷம் தவறாதவர். "பையன் என்ன கேட்டான்னு எனக்குத் தெரியாது சார், எனக்கு வந்தது ஃபார்வர்டுதான்" என்றார். அப்படியென்றால் அடுத்த ஞாயிறு வந்து அவனுக்கு நீங்களே பதில் சொல்லுங்களேன் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். தாள் இன்னும் போர்டில் இருக்கிறது.

ராதாநாத் சிக்தரின் கணக்கு முறை பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. கையில் உள்ள குறிப்புகளைச் சரிபார்த்துவிட்டு, அடுத்த பதிவில்.